வேலிக்கு அப்பால் முப்பத்தேழு முடிச்சு

மருத்துவிச்சி ஸுபைராவுக்குக் கோபம் வந்தால் முதலில் தெரிவது அவளுடைய வெற்றிலைத் தட்டத்தில்தான். பாக்குவெட்டி பாக்கை வெட்டாது, நொறுக்கும். பதுளை ஊர் முடிந்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதை தொடங்குகிற இடத்தில் அவள் வீடு. ரயில் இன்னும் பதுளைக்கு வராத காலம். அந்த ஐப்பசி மாதம் முழுக்க அந்த வீட்டில் பாக்கு நொறுங்கிக்கொண்டே இருந்தது.

அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. புருஷன் ஊர் முஸ்லிம்களுக்கு முடி வெட்டி, பிள்ளைகளின் தலை மழித்து வந்த ஒஸ்தா. அவன் மௌத்தாகி ஒன்பது வருடம். அவன் இருந்த காலத்திலேயே பிள்ளைப்பேறு பார்க்கும் வேலை அவளுடையது. கடைவீதியில் ஓடித் திரியும் பிள்ளைகளில் பாதியை முதலில் தொட்ட கை அவள் கைதான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களிலிருந்தும் ஆள் வரும். சாதி, மதம் பார்ப்பவர்கள் எல்லாம் வலி எடுக்கும் வரைக்கும்தான் பார்ப்பார்கள் என்பது அவள் அனுபவத்தில் கண்டது.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஏழாம் நாள் பிள்ளையின் தலையை மழித்தால் அந்த முடியைக் கண்ட இடத்தில் எறியக் கூடாது, மண்ணில் புதைக்க வேண்டும். வெட்டிய நகமும் அப்படித்தான். கல்யாணமாகி வந்த முதல் வாரமே மாமியார் அதை அவள் தலையில் கட்டிவிட்டாள். முடியைத் துணித்துண்டில் பொதிந்து, அவிழாமல் முடிச்சுப் போட்டு, வேலிக்கு அப்பால் பற்றைக்காட்டில் ஒரு சாண் ஆழத்தில் புதைப்பாள். புருஷன் போன பிறகும் ஊர்ப் பெண்கள் முடியைக் கொண்டுவந்து கொடுப்பதை நிறுத்தவில்லை. அந்தக் காடு யாருடையது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. மேட்டுத்தோட்டத்துத் துரைக்கு அது தெரிந்திருந்தது.

துரை அந்த வருடம் அங்கே புதுத் தேயிலை நட நினைத்தார். காடு வெட்டப் போன ஆட்களுக்கு மேலாளாக நின்றவன் மாடசாமி என்ற சின்னக் கங்காணி. மூன்றாம் நாள் காலை ஒரு மண்வெட்டியில் முதல் முடிச்சு வந்தது. மத்தியானத்துக்குள் முப்பத்தேழு. பழையவை மண்ணோடு மண்ணாகப் போயிருந்தன, இல்லாவிட்டால் இன்னும் வந்திருக்கும். பிரித்தால் முடி. அடுத்ததைப் பிரித்தால் நகம். அதற்கடுத்ததில் பஞ்சு போன்ற பிள்ளை முடி.

வேறு எந்தக் கங்காணி கையில் அது கிடைத்திருந்தாலும் இவ்வளவு தூரம் போயிருக்காது. மாடசாமியின் பெண்சாதி ராசம்மா எட்டு மாதம். முதல் இரண்டும் செத்தே பிறந்தவை. இந்த மூன்றாவதை ஐந்தாம் மாதத்திலிருந்து பார்த்து வருபவள் ஸுபைரா. போன வாரம் வயிற்றைத் தடவியபோது தலை மேலே இருந்தது. திரும்பாவிட்டால் கால்தான் முன்னால் வரும். கால் முன்னால் வரும் பிள்ளையைப் பிடித்து இழுக்கக் கூடாது. முன்னைய இரண்டையும் லயத்தில் இருந்தவர்கள் இழுத்திருந்தார்கள். அதை அவள் ராசம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள், மாடசாமியிடம் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் உன் வீட்டார் கைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? ராசம்மாவிடம் மட்டும், "வலி எடுத்தா என்னக் கூப்புடு, நான் வாற வரைக்கும் ஆரையும் தொட விடாத" என்று சொல்லிவைத்திருந்தாள்.

மாடசாமி நாலு ஆட்களோடு வேலியருகே வந்து நின்றான்.

"மருத்துவச்சியம்மா, இதெல்லாம் நீங்க பொதச்சதா?"

"ஓம், நான்தான். என்னத்துக்குத் தோண்டினீங்க? திரும்ப மண்ணப் போடுங்க."

"யாரு முடிங்க இது?"

"ஊருல உள்ள புள்ளைகள்ட."

நாலு பேரும் இரண்டடி பின்னால் போனார்கள். "புள்ளைங்க முடியாமுல்ல!"

"எதுக்குங்க பொதைக்கிறீங்க?" என்றான் மாடசாமி.

அவள் மாமியார் சொல்லித் தந்ததை யோசிக்காமல் அப்படியே சொன்னாள். "வெளிய கெடந்தா ஆராச்சும் எடுத்துச் சூனியம் செஞ்சிருவாங்க எண்டுதான்."

"அப்ப சூனியம் இருக்குன்னு உங்களுக்கே தெரியுது."

"எனக்கு ஒண்டும் தெரியாது! மாமி சொன்னா, செஞ்சேன். மாமி தலைகீழா நிக்கச் சொல்லியிருந்தா நிண்டிருப்பேன்."

"எங்க வீட்டுல ரெண்டு செத்துச்சுங்க" என்றான் அவன், மெதுவாக. "எங்க லயம் இந்த மேட்டுக்கு நேர் மேல இருக்கு."

"மாடசாமி, இஞ்ச கேளு, அது..."

அவன் கேட்க நிற்கவில்லை. மறுநாள் அந்த மலையில் வேலைக்கு ஒருவரும் இறங்கவில்லை. ராசம்மாவைப் பார்க்க இனி வர வேண்டாம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

ஸுபைரா ஒரு முடிச்சை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெப்பை அலவியிடம் போனாள். லெப்பை அவளைவிட வயதில் இளையவர், அக்காள் முறையில் அவளைத் தாத்தா என்று கூப்பிடுகிறவர், நல்ல மனுஷர், எதையும் அரைகுறையாகச் சொல்லத் தெரியாதவர்.

"லெப்பை, சூனியம் எண்டு ஒண்டு இல்ல எண்டு அந்தாக்களுக்கு ஒரு வார்த்த சொல்லணும் நீங்க."

"அப்படிச் சொல்ல ஏலாதே தாத்தா. சூனியம் இரிக்கி எண்டு குர்ஆன்ல வருது. முடிச்சுகள்ல ஊதுற பொம்பளைகள்ட தீங்கில இருந்து காவல் தேடச் சொல்லி ஒரு சூறாவே இரிக்கி. இல்ல எண்டு சொன்னா ஈமானுக்கே பழுது. ஆனா, அல்லாட உத்தரவு இல்லாம அது ஆரையும் தொடாது."

"அப்ப நான் போய் என்ன சொல்ற? சூனியம் இரிக்கி, ஆனா நான் செய்யல்ல எண்டா?"

"அதுதான் உண்ம."

"அது போதும் அவங்களுக்கு. முதல் பாதியக் கேட்டிட்டு ஓடிருவாங்க."

லெப்பை முடிச்சைக் கையில் வாங்கினார். முடி புதைப்பது மனுஷ உடம்புக்குச் செய்யும் மரியாதை, சூனியத்துக்குப் பயந்து அல்ல, மாமியார் தவறாகச் சொல்லித் தந்திருக்கிறாள் என்று விளக்கினார். பிறகு அதைத் திருப்பிப் பார்த்து முகம் மாறினார்.

"தாத்தா, இத ஏன் முடிச்சுப் போட்டீங்க?"

"அவுந்து கொட்டாம இரிக்க, லெப்பை! வேற எதுக்கு முடிச்சுப் போடுற?"

அன்றைக்கு இரண்டு வெற்றிலைக்கு ஒரு கைப்பிடிப் பாக்கு நொறுங்கியது.

அடுத்து, தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் மருந்தையா வீரசிங்கம். யாழ்ப்பாணத்து மனிதர். பேய், பிசாசு, செய்வினை, கண்ணூறு எதையும் நம்பாதவர். நம்புகிறவர்களைக் கண்டால் அவருக்கு வியர்க்கும். அவராவது உதவுவார் என்று ஸுபைரா நினைத்தாள்.

"உதெல்லாம் விசர்க்கதை. மயிரிலை என்ன மந்திரம்? நான் நாளைக்கே காட்டிறன்."

"காட்ட வேணாம் ஐயா. ராசம்மாவ நான் பாக்க விடச் சொல்லுங்க, அது போதும். புள்ள தல மேல இரிக்கி."

"அதைத்தான் நானும் சொல்லிறன். மூடத்தனத்தை வேரோடை பிடுங்கினாத்தான் வைத்தியம் நடக்கும்."

காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக்களத்தில், முன்னூறு பேர் பார்க்க, மருந்தையா முப்பத்தாறு முடிச்சுகளையும் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றி நெருப்பு வைத்தார். முடி கருகும் நாற்றம் களம் முழுக்கப் பரவியது. இரண்டு பெண்கள் வாந்தி எடுத்தார்கள். ஒருத்தி ஆடத் தொடங்கினாள். மருந்தையா கையை விரித்து, "பாருங்கோ! எனக்கு ஏதும் நடந்ததோ?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, மழையில் ஊறிய படியில் புதுச் சப்பாத்தோடு இறங்கினார். நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது.

இதைக் கேட்டபோது ஸுபைரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "காட்ட வேணாம் எண்டுதானே சொன்னேன்!"

பிறகு மாடசாமி கோடாங்கியை அழைத்து உடுக்கை அடிக்க வைத்துக் குறி கேட்டான். கோடாங்கி சொன்னது இது. சூனியம் போட்டவளே வர வேண்டும். போட்டேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். எடுத்துவிட்டேன் என்று எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அதன் பிறகு அவள் ராசம்மாவைத் தொடலாம்.

லெப்பை ஆள் அனுப்பிச் சொன்னார், விளையாட்டுக்கும் அப்படிச் சொல்லக் கூடாது, சூனியம் செய்ததாக ஒத்துக்கொள்வது பெரும்பாவம் என்று. மருந்தையா கட்டிலில் கிடந்தபடியே சொன்னார்:

"சொல்லிப்போட்டு உங்கடை வேலையைப் பாருங்கோ. இல்லாத ஒண்டைச் செய்தன் எண்டு சொல்லிறதிலை என்ன பொய் இருக்கு?"

"உங்களுக்கு அது இல்லாதது ஐயா. எனக்கு அது பொய்."

"அப்ப அந்தப் பிள்ளை சாகட்டுமோ?"

அந்தக் கேள்வியை அவளே தன்னிடம் ஆறு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பொய் சொன்னால் உள்ளே போகலாம். சொன்னால், ஊரில் அவள் எடுத்த பிள்ளைகளின் முடியெல்லாம் சூனியத்துக்குச் சேர்த்தது என்று அவள் வாயாலேயே ஆகிவிடும். அந்தப் பெற்றோர்களின் முகத்தில் எப்படி விழிப்பது? அவர்களுக்கும் மேலே ஒருவன் இருக்கிறானே, அவனிடம் என்ன சொல்வது?

ஏழாம் நாள் காலை பத்து மணிபோல, கொட்டும் மழையில், லயத்தில் ராசம்மாவுக்கு அடுத்த அறையான காம்பராவில் இருக்கும் ஜெயலெட்சுமி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாங்கம்மா! விடிஞ்சதுலேர்ந்து வலி. காலு தெரியுதுங்க!"

ஸுபைரா எண்ணெய்க் குப்பி, கத்திரிக்கோல், பழந்துணி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மேடு ஏறினாள். வழியெல்லாம் யாரையோ திட்டிக்கொண்டு போனாள். மாமியாரை, துரையை, மருந்தையாவின் சப்பாத்தை.

லயத்து வாசலில் கற்பூரம் தயாராக இருந்தது. கோடாங்கி ஒரு பக்கம், மாடசாமி ஒரு பக்கம். அவன் கண்கள் சிவந்திருந்தன. தூங்கியிருக்கமாட்டான்.

"ஒத்துக்கிட்டு உள்ள போங்கம்மா. உங்களக் கும்புடுறேன்."

"மாடசாமி, அந்தக் காட்டுலதான் என்ட ரெண்டு மகன்ட முடியையும் பொதச்சேன். சொந்தப் புள்ளைகளுக்கு ஆராச்சும் சூனியம் செய்வாங்களா?"

"சொந்தத்தக் குடுத்தாத்தான் வேல பலிக்கும்" என்றான் கோடாங்கி.

"உனக்கு எதுக்கும் ஒரு பதில் இரிக்கி! வழிய விடு."

"ஒத்துக்கங்கம்மா..."

உள்ளேயிருந்து ராசம்மாவின் குரல் வந்தது. வலியில் அவளுக்குப் புருஷன், கங்காணி என்ற மரியாதையெல்லாம் போயிருந்தது.

"அடே மாடசாமி! அவங்க சூனியக்காரியா இருந்தா இருந்துட்டுப் போறாங்க! எனக்கு அந்தக் கையிதான் வேணும். உள்ள விடுறியா, நான் எந்திரிச்சு வரவா?"

மாடசாமி விலகினான். கற்பூரம் மழைச்சாரலில் நனைந்துபோயிருந்தது. கோடாங்கி அதை மூன்று தடவை பற்றவைத்துப் பார்த்தான்.

உள்ளே மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி பிள்ளையின் காலைப் பிடித்திருந்தாள். ஸுபைரா அந்தக் கையில் ஓங்கி ஓர் அடி போட்டாள்.

"விடு! ஆரும் இழுக்கக் கூடாது."

"உள்ளயே நிக்குதுங்களே!"

"நிக்கட்டும். அதுக்குத் தெரியும் வர."

ராசம்மாவைக் கட்டிலின் ஓரத்துக்கு இழுத்து உட்காரவைத்தாள். பிறகு சும்மா இருந்தாள். இருபத்தைந்து வருடத்தில் அவள் கற்ற வேலையிலேயே கடினமானது இந்தச் சும்மா இருப்பதுதான். இடுப்பு வந்தது. வயிறு வந்தது. மற்றவர்கள் துடித்தார்கள். அவள் தன் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, உதட்டுக்குள் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மந்திரம் சொல்றாங்க" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள்.

தோள் வந்த பிறகுதான் அவள் கை அசைந்தது. ஒரு விரலை உள்ளே கொடுத்துப் பிள்ளையின் முகவாயைத் தாழ்த்தி, உடம்பை மேலே தூக்கினாள். தலை வந்துவிட்டது. பெண் பிள்ளை. நீலம் பாரித்துத் துவண்டு கிடந்தது. அவள் வாயைத் துடைத்து, தன் வாயை வைத்து மெல்ல ஊதினாள். ஒருமுறை. இருமுறை.

"ஊதுறாங்க, ஊதுறாங்க..."

"ஓம், ஊதுறேன்! வாய மூடிக்கிட்டு அந்தத் துணிய எடு!"

ஐந்தாவது ஊதலில் பிள்ளை இருமியது. பிறகு அழுதது. ராசம்மா அழவில்லை. தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, "காட்டுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மாடசாமி வாசலில் நின்று பார்த்தான். பிள்ளை அசைவதைப் பார்த்துவிட்டு, நிலையோரம் குந்தினான். ஸுபைரா கையைக் கழுவிக்கொண்டே, இனி மறைத்து என்ன பயன் என்று, எல்லாவற்றையும் அவனுக்கு விளக்கினாள். பிள்ளை எப்படிக் குந்தியிருந்தது, இழுத்தால் கை மேலே போய்த் தலை எப்படிச் சிக்கும் என்று இரண்டு கைகளாலும் செய்து காட்டினாள். முன்னைய இரண்டுக்கும் நடந்தது அதுதான், சூனியமும் இல்லை, ஒன்றும் இல்லை என்றாள். அவன் கவனமாகக் கேட்டான், தலையாட்டினான். அவளுக்கு முதல் தடவையாக மனம் லேசானது.

"மூணும் கால் முன்னாடியே வரும்படி வச்சது யாருங்கம்மா?" என்றான் அவன்.

"அது எனக்கெப்படித் தெரியும்? சில பொம்பளைகளுக்கு அப்படித்தான் வாறது."

"இதக் காப்பாத்துனது?"

"அல்லா."

"அதத்தாங்க நாங்களும் சொல்றோம். சாமிதான் காப்பாத்துச்சு."

"சரி. ஆர்ட்ட இருந்து?"

மாடசாமி நிலத்தைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன், அதே நேரத்தில் மரியாதை தெரிந்தவன்.

"உங்ககிட்டயிருந்துதாங்க."

ஸுபைரா ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. ஆனால் நச்சுக்கொடி இன்னும் வரவில்லை, ராசம்மாவின் உதடு வெளுத்திருந்தது.

"நல்லது. அந்த அடுப்ப மூட்டு. பெண்சாதிக்குக் கொத்தமல்லித் தண்ணி கொதிக்க வையி" என்றாள். "வெளிய அந்தக் கோடாங்கி இன்னும் நிக்கிறானா? அவனையும் வெறகு கொண்டாரச் சொல்லு."