ஏழாவது ஒட்டகம்

கட்டிங் மாஸ்டர் என் முகத்தில் இரும்புக் கையுறையை வீசியடித்தது 2006 அக்டோபரில், ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. மேலுதடு கிழிந்து இரண்டு தையல் போட்டார்கள். என் நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தில் ஒரு பழுப்புப் புள்ளி இருக்கிறது. எழுதும்போது தையலிலிருந்து சொட்டியது.

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் நேரமும் எழுத வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷின் ஓடக்கூடாது. கட்டிங் பகுதியில் எல்லோரும் கையுறை போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதும் என் வேலைதான். அங்கே துணி வெட்டும் மெஷினில் பல்லில்லாத கத்திப் பட்டை ஒன்று இரண்டு சக்கரங்களைச் சுற்றி மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே இருக்கும். அடுக்கிய துணியை அதற்குள் தள்ளும் இடது கைக்கு, சின்னச் சின்ன இரும்பு வளையங்களைக் கோத்த கையுறை. கத்தி அதன்மேல் வழுக்கிப் போய்விடும். அந்தக் கையுறையால் விரல் பிழைத்தவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

மாஸ்டர் அதைப் போட மாட்டார். "கிளவுஸ் போட்டா துணி நழுவுறது தெரியாதுவே" என்பார். தெற்கே கடற்கரைப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் முன்னால் அவர் வெறுங்கையோடு நின்றதை நான் எழுதிக் கொடுத்தேன். அதற்குத்தான் அந்த வீச்சு. ரத்தத்தைப் பார்த்ததும் என்னைத் தன் வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவரேதான். "ஒதடு போனா என்னவே, நீரு எழுதித்தான பேசுதீரு" என்றார் வழியில். அன்றிலிருந்து என் தலை தெரிந்தாலே கையுறையை மாட்டி நெற்றியில் வைத்து ஒரு சலாம் போடுவார். "கலெக்டர் உத்தரவு."

நாங்கள் ஒரே லைன் வீட்டில் குடியிருந்தோம். மொத்தம் ஏழு வீடுகள். ஒவ்வொரு டிசம்பரிலும் மாஸ்டர் வாசலில் கிறிஸ்துமஸ் குடில் வைப்பார். ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் மண்பொம்மைகளில் மாட்டுக்குக் கொம்பிருக்காது, கழுதைக்குக் காலிருக்காது. அந்த வருடம் மரத்தில் செய்துவிடுவது என்று முடிவெடுத்தார். வீட்டுக்கு ஒரு மாடு, ஒரு கழுதை, ஒரு ஆடு, ஒரு ஒட்டகம். ஏழு வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் பரிசு. "ஏழாவது செட்டு உமக்கு. நீரு சாமி கும்பிடாட்டியும் தேதி போட்டு வச்சிக்கிடும்."

கம்பெனிக்கு வந்த புது நிட்டிங் மெஷின் பைன் மரப்பெட்டியில் வந்திருந்தது. அந்த மரத்தை எடுத்துக்கொண்டோம். திருமுருகன்பூண்டி போகும் வழியில், எங்களுக்குக் கட்டிங் டேபிள் செய்து கொடுக்கும் ஆசாரி ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பட்டறையைத் திறந்துவிட்டார். அங்கிருந்த மரம் அறுக்கும் மெஷினும் எங்கள் கட்டிங் மெஷினைப் போலத்தான் இருந்தது. அதே இரண்டு சக்கரம், அதே முடிவில்லாத பட்டை. மாஸ்டர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அதே பேய்தாம்வே. பல்லு முளைச்சிருக்கு, அவ்வளவுதான்."

ஆசாரி சிரிக்கவில்லை. "கைக்கயிறு, வாட்ச்சு எல்லாம் கழட்டி வெச்சுருங்க. சட்டைக்கைய மடிச்சுக்குங்க. பல்லுல எது மாட்டுனாலும் இழுத்துப் போடுமுங்க. அதுக்குக் கயிறுன்னும் தெரியாது, கையின்னும் தெரியாது."

இதையும் நான் அன்றைய பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். டிசம்பர் முதல் ஞாயிறு.

மாஸ்டர் அட்டையில் பேட்டர்ன் வெட்டி, மரக்கட்டையின் ஒரு பக்கத்தில் ஒட்டகத்தைப் பக்கவாட்டிலும், அடுத்த பக்கத்தில் முன்னாலிருந்து பார்ப்பதுபோலவும் வரைவார். ஒரு பக்கத்தை அறுத்ததும் விழுந்த துண்டுகளைப் பழைய இடத்திலேயே வைத்து டேப் சுற்றுவார். கட்டை மறுபடி கட்டையாகும். அதைத் திருப்பி அடுத்த பக்கத்தை அறுப்பார். மரம் வீறிடும், புகை வரும், பிசின் எரிந்து நாறும். கடைசியில் டேப்பைக் கிழித்து நான்கு பக்கமும் உரித்துப் போட்டால் உள்ளே ஒட்டகம் நிற்கும். முதல் ஒட்டகம் வந்தபோது மாஸ்டர் அதன் முதுகில் ஒரு அறை விட்டார். "நில்லுல."

இரண்டாவது ஞாயிறு ரம்பப்பல் அவருடைய கட்டைவிரல் நகத்தைச் சீவிவிட்டது. ஒரு கோடு ரத்தம்தான். ஆனால் எனக்கு அது பொறுக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு, கம்பெனி ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்த இரும்புக் கையுறையை அவர் முன்னால் வைத்தேன். கயிற்றைக் கழற்றச் சொன்ன இடத்துக்குக் கையுறையோடு போகிறோமே என்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் எழுதி வைத்தவன் நான். எங்கள் இருவருக்கும் கையுறை என்றால் கத்தி வழுக்கும், அவ்வளவுதான்.

"இங்கயுமாவே?" என்றார். பிறகு மாட்டிக்கொண்டு சலாம் போட்டார்.

ஆசாரி வெளியே டெம்போவில் டேபிளை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். ஆறு ஒட்டகங்கள் முடிந்திருந்தன. ஏழாவதன் கழுத்தில் வளைத்துத் திருப்பும்போது கையுறையின் ஒரு வளையம் ரம்பப்பல்லில் மாட்டியது. மாஸ்டரின் கை அறுபடவில்லை, கீழே இழுக்கப்பட்டது. மெஷின் பலகையில் பட்டை நுழையும் மெல்லிய வாய்க்குள் அந்தக் கை போக முடியாது. மெஷின் அதை உள்ளே போட்டுப் பிசைந்தது. இரும்பு இரும்பைக் கடிக்கும் சத்தம். பட்டை அறுந்து சவுக்குபோலச் சுவரில் அடித்தது. மாஸ்டர் கத்தவில்லை. நாய் மூச்சு வாங்குவதுபோல ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்துகொண்டே இருந்தது.

ஆசாரி ஓடிவந்து கரண்ட்டை நிறுத்தினார். மேல்சக்கரத்தைக் கையாலேயே பின்னோக்கிச் சுற்றி, நெம்புகோல் போட்டு, கையை வெளியே எடுத்தார். தன் வேட்டியைக் கிழித்துக் கட்டி, டேபிளைக் கீழே தள்ளிவிட்டு, டெம்போவில் அவரைக் கொண்டுபோனார். நான் பின்தங்கினேன். மெஷினில் சிக்கிய கையுறைக்குள் சுட்டுவிரல் கிடந்தது. நடுவிரலைக் காணவில்லை. உடைந்த ஊசியைத் தேடுவதுபோல மண்டியிட்டுத் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தேடினேன். கீழ்ச்சக்கரத்தின் அடியில், மரத்தூளில் புரண்டு கிடைத்தது. டீக்கடையில் ஐஸ் வாங்கி, பாலிதீன் பையில் போட்டு எடுத்துப் போனேன். சுட்டுவிரல் நசுங்கிவிட்டது என்றார் டாக்டர். நடுவிரலைத் தைத்தார்கள்.

அன்று மாலை நான்கு மணிக்கு மாஸ்டரின் மச்சினன் இரண்டு பேரோடு வந்தான். அவனும் ஒரு கம்பெனியில் கட்டிங்தான். "எடத்தக் காட்டும்" என்றான். மாஸ்டரின் வண்டியை எடுக்கத்தான் என்று நினைத்து அழைத்துப் போனேன்.

ஆசாரி தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். மச்சினன் எதுவும் கேட்காமல் ஒரு பைன் கட்டையை எடுத்து அவர் காதோடு சேர்த்து அடித்தான்.

"மெஷின்ல என்ன கோளாறுல வச்சிருந்த? எங்க அத்தான் கையப் பாத்தியா?"

விழுந்தவரை மூவரும் மிதித்தார்கள். மாடும் கழுதையும் காலடியில் உருண்டன. கழுவிய இடத்தில் புது ரத்தம் ஓடியது. எத்தனை மிதிக்குப் பிறகு எனக்கு வாய் வந்தது என்று தெரியாது. அந்த ஒன்றை நான் எங்கும் குறிக்கவில்லை.

"கிளவுஸ் குடுத்தது நானுங்க. அதுதான் மாட்டி இழுத்துச்சு. அவர உட்ருங்க."

மச்சினன் திரும்பிப் பார்த்தான். "கிளவுஸ் கைய வெட்டுமா? யாருகிட்டவே கத விடுதீரு?" தன் இடது கையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினான். அவன் விரல்கள் ஐந்தும் கையுறையால் பிழைத்தவை. என்னைச் சுவரோடு தள்ளிவிட்டு மறுபடி மிதிக்கப் போனான். பக்கத்துப் பட்டறைகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்த பிறகுதான் நின்றார்கள். ஆசாரியின் வலது காது அன்றோடு கேட்காமல் போயிற்று.

ஐந்தாம் நாள் தைத்த விரல் கறுத்தது. எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாஸ்டரைப் பார்க்கப் போனேன். இனித் துணியடுக்கை அமுக்கிப் பிடிக்க அந்தக் கையால் ஆகாது என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கயிறு, கையுறை, ஆசாரி வாங்கிய அடி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கேட்டு முடித்து, பக்கத்தில் வரச் சொன்னார். வலது கையால் ஓங்கி அறைந்தார். உதட்டுத் தழும்பு மறுபடி பிளந்தது.

"இது கிளவுசுக்கு." இரண்டாவது அறையில் குளுக்கோஸ் கம்பி சாய்ந்தது. "இது அந்த மனுசனுக்கு. நீரு கூட்டிட்டுப் போனீருல்லா?"

மூச்சு வாங்கப் படுத்தார். "ஆறு ஒட்டகந்தான் இருக்கு. போயி ஏழாவத வெட்டும். வெறுங்கையால வெட்டும்" என்றார்.

அடுத்த நாள் மன்னிப்புக் கேட்டு வரச் சொல்லி மச்சினனைப் பட்டறைக்கு அனுப்பினார். அவன் வாசலில் ஒரு மணி நேரம் நின்றான். ஆசாரி வெளியே வரவில்லை.

கிறிஸ்துமஸ் அந்த வருடம் திங்கட்கிழமை. முந்தைய நாள் ஞாயிறு, காலையில் நான் போனேன். ஆசாரி மெஷினுக்குப் புதுப் பட்டை போட்டிருந்தார். தலையைச் சுற்றிக் கட்டு. என்னை இடது பக்கம் வந்து பேசச் சொன்னார். ஏழாவதை வெட்டச் சொல்லி மாஸ்டர் அனுப்பியதைச் சொன்னேன். என் மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

கழுத்து வளைவில் மூன்று முறை நின்றேன். ஆசாரி சுவிட்சில் கை வைத்து, என் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். டேப்பைக் கிழித்தேன். கோணலாக ஒரு ஒட்டகம் வந்தது.

"ஏழாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"அப்ப இனிமே இந்தப் பக்கம் வராதீங்க கண்ணு."

சுவிட்சை அணைத்தார். பட்டை தன் வேகத்திலேயே இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. நேரம் குறித்துக்கொள்ள மணிக்கட்டைத் திருப்பினேன். கடிகாரம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.