தொளதொளா கட்டிய பாதி வலை

துப்பாக்கி என்கிற சாமான் அந்தத் துறைமுகத்துக்கு இன்னும் வந்து சேராத காலம். மேடைப் பேச்சு மட்டும் எப்படியோ முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்டது.

அந்தக் கடலில் ஒரு மிருகம் இருந்தது. பயத்தில் ஊரே அதற்கு மரியாதை கொடுத்துப் 'பெரியவர்' என்றுதான் பேசியது. "பெரியவர் நேத்து ரெண்டு படகை விழுங்கிட்டாராம்" என்பார்கள், ஏதோ விருந்துக்கு வந்தவர் சாப்பிட்டுப் போன மாதிரி. முதலில் பதினோரு ஆண்கள் வேட்டைக்குப் போனார்கள். பதினோரு பேரும் சட்டை நனையாமல் திரும்பி வந்து, பெரியவருக்குப் பதினோரு விதமாக நீளம் சொன்னார்கள். பிறகு சபை கூடி ஆராய்ந்ததில், மீசை வாசனை பட்டால் பெரியவருக்கு மூர்க்கம் ஏறுகிறது என்று தெரியவந்தது. ஆகையால் இனிமேல் பெண்பிள்ளைகள் போகட்டும் என்று தீர்மானம். மீசை வைத்த அத்தனை பேரும் கனத்த மனதோடு கையைத் தூக்கினார்கள்.

ஏழு பெண்களைப் பொறுக்கினார்கள். முதல் ஆளாக நின்றவள், வலைக்கொட்டகை நடத்தியவளின் அண்ணன் மகள். ஈட்டி எறிந்தால் குறி தப்பாது, அதனால் பெயரே ஈட்டி. அவள் தங்கைக்குப் பதினாறு வயது. உயரம் போதாதென்று கழித்துவிட்டார்கள். அவளுக்குப் பெயர் தொளதொளா. அது உடம்பைப் பார்த்து வந்த பெயர் அல்ல, அவள் கட்டும் வலையைப் பார்த்து வந்தது. தாய் பிரசவத்தில் போய்விட்டாள். தகப்பன் இருந்த படகைப் பெரியவர் விழுங்கிவிட்டார். மிச்சம் இருந்தது அத்தையும் அக்காவும்தான்.

வேட்டை வலையைக் கட்டும் வேலை அத்தையின் கொட்டகைக்கு வந்தது. தார் நாற்றம் பிடித்த நீள அறை, உத்தரத்தில் தொங்கும் வலைகள், கைக்கு ஒரு எலும்பு ஊசி. வலையை மேல்கயிற்றில் கோக்கும்போது மூன்று பாகம் வலையை இரண்டு பாகம் கயிற்றில் அடக்கினால் அது தொய்ந்து தொங்கும். மோதுகிற எதையும் சுற்றிக்கொள்ளும். தொளதொளா அப்படித்தான் கட்டுவாள். ஆனால் வேட்டையை ஏற்பாடு செய்த கோட்டை அதிகாரிக்கு வலை விறைப்பாக இருக்கவேண்டும். பிரம்பால் தட்டினால் 'டங்' என்று கேட்கவேண்டும்.

"இழுத்துக் கட்டினா அறுந்துடும் அத்தை. அக்கா அதை நம்பித்தானே போறா?"

"எனக்குத் தெரியாதாடி? அவர் கேட்டதைக் கட்டிக் குடு. புத்தி சொல்ற எடத்துலயா நம்ம இருக்கோம்?"

அந்த அதிகாரி வேறு யாருமில்லை, அத்தையின் ஓரகத்திக்குக் கூடப்பிறந்த தம்பி. அந்த ஓரகத்தி வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்று சொல்ல ஆரம்பித்தால் உள்ளே சோறு வெந்து குழைந்துவிடும். தம்பி அவளையும் மிஞ்சியவர். மத்தியானம் பேச ஏறினால் பொழுது சாயாமல் இறங்கமாட்டார்.

தொளதொளா நம்பியது அதைத்தான்.

வழியனுப்பும் நாளில் ஊர் முழுக்க அவர் பேச்சைக் கேட்கத் துறைக்குப் போனது. இவள் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, இழுத்துக் கட்டிய வலையை அவிழ்த்துத் தொய்வாகக் கோக்க ஆரம்பித்தாள். பொழுது சாய்வதற்குள் முழுசும் முடிந்துவிடும். கணக்கெல்லாம் சரிதான். ஆனால் அவர் முன்னோர்களின் வீரத்தில் மூன்றாம் தலைமுறைக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அதிகாரி தம் வாழ்நாளில் முதல் தடவையாகப் பேச்சைச் சுருக்கினார். ஆட்கள் வந்து வலையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போனபோது பாதிதான் முடிந்திருந்தது.

வலையைத் துறைமுக வாயிலில் இரண்டு பாறைகளுக்கு நடுவே கட்டினார்கள். ஆறு பெண்கள் பாறைகளில் கயிற்றோடு நின்றார்கள். சின்னத் தோணியில் ஈட்டி போய்ப் பெரியவரைச் சீண்டி, துரத்த விட்டு, வலையின் நட்டநடுவில் கொண்டுவந்து மோத விடவேண்டும். அதுதான் உத்தரவு. தோணி நகர்ந்தபோது தொளதொளா ஓடிவந்து உள்ளே குதித்தாள்.

"உன்னைத்தான் கழிச்சு விட்டாங்களே, எறங்குடி!"

"அக்கா, நடுவுல வராதே. எடது பாதியில வா. அது மட்டுந்தான் நான் தொய்வாக் கட்டினது."

"நீ கட்டினதா? அப்ப வலது பக்கமே வரேன்."

இதற்குள் கரை தள்ளிப் போய்விட்டது. முன்னால் தண்ணீர் மேடு கட்டியது. ஒரு தலை எழுந்தது. பதினோரு பேர் சொன்ன அளவில் ஒன்றுகூடச் சரியில்லை. ஈட்டி முதல் ஈட்டியை எறிந்தாள், அது செதிலில் பட்டுத் தெறித்தது. இருவரும் தோணியைத் திருப்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு துடுப்புப் போட்டார்கள்.

"போன மாசம் என் வலையில கால வெச்சியே," தொளதொளா மூச்சிரைத்தாள், "எவ்வளவு நேரம் கெடந்தே?"

அன்றைக்கு ஈட்டி அரைநாள் கிடந்திருந்தாள். உதறின உதறலில் மற்றக் காலும் மாட்டிக்கொண்டது. ஊரார் வந்து சிரித்தது அவளுக்கு மறக்குமா?

துடுப்பை அழுத்தித் தோணியை இடப்பக்கம் திருப்பினாள்.

மேல்கயிற்றின்மேல் தோணி வழுக்கி அந்தப் பக்கம் போனது. பின்னாலேயே பெரியவர் வந்து மோதினார். வலை எதிர்க்கவேயில்லை. இளகி உள்வாங்கியது, கழுத்தைச் சுற்றியது. திமிறத் திமிற இன்னொரு சுற்று. வால் வீசி வலது பாதியில் பட்டபோது விறைப்பான கயிறுகள் டங், டங்கென்று அறுந்தன. அதிகாரி கேட்க ஆசைப்பட்ட சத்தம்தான், என்ன, அவர் கரையில் வெகுதூரம் தள்ளிப் பாதுகாப்பாக நின்றார். ஈட்டி எழுந்து நின்று, திறந்த வாய்க்குள் இரண்டாவது ஈட்டியை எறிந்தாள். இந்தத் தடவை தெறிக்கவில்லை.

கரைக்கு இழுத்துப் போட்டதும் ஊரார் சுற்றி நின்று, "அது செத்துடுச்சா? அதோட பல்லைப் பாரு!" என்றார்கள். மரியாதையும் அத்தோடு போனது.

மறுநாள் அதிகாரி கொட்டகைக்கு வந்து மிஞ்சிய வலையைப் பிரம்பால் தட்டினார். சத்தமே வரவில்லை.

"இது ஏன் தொய்ஞ்சு கெடக்கு?"

அத்தை தொளதொளாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மழையில நனைஞ்சதுல்லீங்களா, அதான்" என்றாள்.

இனி எல்லா வலைகளையும் மழையில் நனைத்தே கடலில் இறக்கவேண்டும் என்று அன்று மாலையே உத்தரவு வந்தது. அவர் போனபிறகு அத்தை அறுந்த வலது பாதியைத் தொளதொளாவின் மடியில் போட்டாள். "இதையும் உன் இஷ்டப்படியே கட்டு" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு யாருக்கும் வந்ததில்லை.

பெரியவரை வென்ற கதையை அதிகாரி வருஷாவருஷம் அதே நாளில் துறையில் பேசினார். அக்காளும் தங்கையும் ஒரு வருஷமும் போனதில்லை. மழை மட்டும் வராமலிருந்தால், அவர் முடிப்பதற்குள் இருவரும் சேர்ந்து ஒரு முழு வலையைக் கோத்துவிடுவார்கள்.