வருகிறாரா, வருவாரா

விடியும் முன்பே ஊரிகத்தில் ரயிலேறினால்தான் பியாட்ரிஸ் நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர முடியும். பெங்களூரில், ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹெல்ப் டெஸ்க் வேலை. குழாய் ஒழுகினாலும் ஃபேன் நின்றாலும் வீட்டுக்காரர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் ஆள் அனுப்ப வேண்டும். ஆள் எப்போதும் வேறு எங்கோ இருப்பான்.

சேர்ந்த புதிதில், "ஹி வில் கம், சார்" என்றுதான் சொல்லிவந்தாள். மேனேஜர் மமதா கூப்பிட்டுக் கன்னடத்தில் திருத்தினாள்.

"வில் கம்னா எப்பவோ வருவான்னு நெனச்சிக் கோபப்படறாங்க. இஸ் கமிங்னு சொல்லு. கிளம்பிட்டான்னு பேசாம இருப்பாங்க."

அன்றிலிருந்து எல்லாரும் வந்துகொண்டேயிருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்த பிளம்பர் வந்துகொண்டிருந்தார். லீவில் போன எலெக்ட்ரீஷியனும் வந்துகொண்டிருந்தார். கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தவர்கள் மறுபடி கூப்பிட்டுத் திட்டுவார்கள். அவள் மறுபடியும் அதையே சொல்வாள். சாயங்காலத்துக்குள் தாடை வலிக்கத் தொடங்கிவிடும்.

"இதுக்கு இன்னாத்துக்கு அலுத்துக்கிற? நாமகூட நாளைக்கு வர்றேன்னுதானே சொல்றோம்?" என்றான் அவள் கணவன் டென்சில்.

"நாளைக்குன்னு சொல்லிட்றோம் இல்லீங்க. இவங்க அந்த நாளைக்கைத்தான் முழுங்கச் சொல்றாங்க."

ஒரு மழை நாளின் மதியத்தில் லிஃப்ட் ஒன்பதாவது மாடிக்குக் கீழே நின்றுபோனது. உள்ளே சுனிதா என்ற பெண் தனியாக மாட்டிக்கொண்டாள். லிஃப்டிலிருந்து வரும் போன் ஹெல்ப் டெஸ்கில்தான் அடிக்கும்.

"டெக்னீஷியன் இஸ் கமிங், மேடம்" என்றாள் பியாட்ரிஸ். டெக்னீஷியன் ஊரின் மறுகோடியில், மழை நெரிசலில் நின்றிருந்தான். அவன் வராமல் கதவைத் தொடக்கூடாது என்பது லிஃப்ட் கம்பெனியின் கட்டளை.

சிறிது நேரத்தில் மறுபடி போன். மறுபடி இஸ் கமிங். மூன்றாவது முறை சுனிதா கத்தவில்லை. "அவன் பேச்சுக் கேக்குதான்னு கதவுல காதை வெச்சிட்டே நிக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள். மூச்சு இரைத்தது.

பியாட்ரிஸுக்கு அந்த வாக்கியம் வாயில் வரவில்லை. போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, வலிக்கும் முட்டியோடு படியேறினாள். லிஃப்ட் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள்.

"மேடம், ஹி இஸ் நாட் கமிங் நவ். ஹி வில் கம். ஒன் அவர் ஆகும். நான் இங்கதான் இருக்கேன். நீங்களும் உக்காருங்க."

உள்ளே சுனிதா உட்காரும் ஓசை கேட்டது. இருவரும் மழையைப் பற்றியும் முட்டிவலியைப் பற்றியும் பேசினார்கள். பேச்சு தீர்ந்த பிறகும் பியாட்ரிஸ் எழுந்து போகவில்லை. டெக்னீஷியன் வந்து கதவைத் திறந்ததும் சுனிதா யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சுனிதாவின் கணவரிடமிருந்து புகார் வந்தது. மூச்சு முட்டிக் கிடப்பவளிடம் ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்வார்களா?

"நெஜத்தைச் சொன்னேன், மேடம்."

"தெரியுது. நானும் மேலே பதில் சொல்லணுமே." மமதாவும் களைத்துத்தான் இருந்தாள். "போன் பண்ணி ஒரு ஸாரி சொல்லிடு."

சொன்னாள். போனை எடுத்த சுனிதா, "லிஃப்டுக்குள்ள இருந்தது அவர் இல்லையே" என்றாள். அத்தோடு வைத்துவிட்டாள். மமதாவும் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போதும் குழாய்க்கும் ஃபேனுக்கும் பியாட்ரிஸ் இஸ் கமிங்தான் சொல்கிறாள். தினமும் சண்டைபோட அவளிடம் தெம்பில்லை. லிஃப்ட் போன் அடித்தால் மட்டும் வில் கம் என்று சொல்லிவிட்டுப் படியேறுகிறாள். திரும்பும் ரயிலில் பங்காருப்பேட்டை வரை நின்றுகொண்டே வருகிறாள். அங்கே கூட்டம் இறங்கியதும், கிடைத்த சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள்.