கணினிக்கு வைத்த பொட்டு

மானிப்பாயில் அக்காவின் வீடியோக் கலையகத்தில், மேசை லாச்சிக்குள் ஒரு பழைய பல் பிரஷ் கிடக்கிறது. அதன் தும்பு நுனிகள் இன்னும் மஞ்சள். அதை எறிய அவள் யாரையும் விட்டதில்லை.

அந்த பிரஷ் மஞ்சளான நாளில் கலையகம் இல்லை. வேலை செய்த ஸ்டூடியோவை விட்டு விலகி, வீட்டு அறையில் தனியாகத் தொடங்கியிருந்தாள். முதல் ஓடர் கனடாவிலிருந்து வந்தவர்களின் கல்யாணம். புதன்கிழமை தாலி கட்டி, ஞாயிறு வரவேற்பில் பத்து நிமிட வீடியோ திரையில் ஓட வேண்டும். புதிய கமராவின் படத்தை அவளுடைய பழைய கணினி தாங்கவில்லை. திரையில் மாப்பிள்ளை தாலியைத் தூக்கிய கையோடு உறைந்து நின்றார். செய்தி எட்டியதும் பழைய முதலாளி போன் எடுத்துச் சிரித்தார். "உந்தப் பெட்டியிலை தாலி ஏறாது, தங்கச்சி. ஓடரை இஞ்சை தந்திட்டுத் திங்கக்கிழமை வேலைக்கு வாரும்."

புதிய கணினி வாங்க வழியில்லை. ஒரு கிராபிக்ஸ் கார்ட் போட்டால் போதும் என்றாள் அக்கா. அதைச் செருகும் இடம் வாங்கிய நாளிலிருந்து வெறுமையாகவே இருந்தது. தேயிலைப் பெட்டி மட்டையை வெட்டி உள்ளே பிடித்துப் பார்த்து அளவெடுத்தாள். தனி மின்வயர் கேட்காத கார்ட்டாகத் தேடி, வெள்ளி காலை பஸ் மாறி அச்சுவேலிக்குப் போனோம். விற்றவர் கேம் விளையாடும் ஒரு வங்கி ஊழியர். அவருடைய கார்ட்டின் மேல் மட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, தான் எடுத்த அந்தக் கல்யாணப் படத்தையே அவருடைய கணினியில் ஒரு மணி நேரம் ஓடவிட்டாள்.

"அக்கா, பொம்பிளை பாக்க வந்த மாதிரியெல்லோ பாக்கிறியள்," என்றார் அவர்.

"ஓம். திருப்பி அனுப்பேலாத சம்பந்தம்."

வீட்டில் செருகினாள். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. "ஏமாத்திப்போட்டான்," என்றேன்.

"அங்கை ஓடினதைக் கண்ணாலை பாத்தனான். பிழை எங்கடை பக்கம்." கார்ட்டைக் கழற்றி டோர்ச் அடித்தாள். "தம்பி, உள்ளுக்கை உதென்ன மஞ்சள்?"

சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் வைத்தவன் நான். சூட்டுக்காகப் பக்க மூடி எப்போதும் கழற்றியே இருக்கும். உள்ளே நேராக, கறுப்பாக, காலியாகத் தெரிந்த இடத்தைத் தேர்ந்து, நடுவில் தாராளமாகப் பொட்டு வைத்திருந்தேன். பத்திரிகையில் பிறர் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்கிய ஆள் நான்.

"சரஸ்வதிக்கு வாசலை அடைச்சது நீதானோ?" அவ்வளவுதான் சொன்னாள். பல் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து, காய்ந்த சந்தனத்தைத் துகள் துகளாக எடுத்தாள். நன்றாகக் காயவிட்டு மறுபடி செருகினாள். திரை வெளித்தது. கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளையின் கை இறங்கியது. அக்கா என் முதுகில் ஓங்கி அடித்தாள். "ஏறிட்டுது!"

ஞாயிறன்று சபை கேட்டு வீடியோ இரண்டு முறை ஓடியது. திங்கள் காலை முதலாளிக்கு அவளே போன் எடுத்தாள். "அண்ணை, வேலைக்கு வரேலாது. அடுத்த கல்யாணத்துக்கு ஓடர் வந்திட்டுது."

இப்போது கலையகத்தில் மூன்று கணினிகள். எல்லாவற்றுக்கும் மூடி உண்டு. இந்த ஆண்டுப் பூசையன்றும் சந்தனக் கிண்ணத்தை அக்கா என்னிடமே தந்தாள். பிறகு லாச்சியைத் திறந்து, பிரஷை எடுத்துக் கணினிகளுக்கு முன்னால் வைத்தாள்.

"முதல் பொட்டு இதுக்கு வை."