டங்கக்கா கேட்ட ஒரே கேள்வி

எங்க கம்பெனியில டங்கக்கான்னு சொன்னாத்தான் ஆளைத் தெரியும். சொந்தப் பேரைச் சொன்னா வாட்ச்மேனே முழிப்பாரு. பழத்தை டப்பாவுல அடைச்சு, மூடி, வேக வச்சு, ஆற வைக்கிற கம்பெனி. ஆறின டப்பா வரிசையா எங்க மேசைக்கு வரும். சின்ன இரும்புக் குச்சியால மூடியில ஒரு தட்டு. 'டங்'னு கேட்டா நல்ல டப்பா. 'தொப்'புனு கேட்டா உள்ள காத்து புகுந்துடுச்சு, பண்டம் கெட்டுப்போகும், ஓரமா எடுத்து வச்சிடணும். அக்கா அந்த மேசையிலயே தலை நரைச்சவங்க. நான் அவங்களுக்கு எதிர் நாற்காலி. அதனால இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு. நல்லவிதமாச் சொல்லுவேன்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க, அந்த ரெண்டு ஆம்பளைங்க மேலயும் எனக்கு இன்னும் கோபம் ஆறல.

ஒருத்தர் அக்கா புருஷன், பள்ளிக்கூடத்துல உயிரியல் வாத்தியார். இன்னொருத்தர் அக்காவோட கூடப்பிறந்த அண்ணன், பிரார்த்தனைக் கூடத்துல சொற்பொழிவு பண்றவர். இந்தப் படிச்ச மாப்பிள்ளையைத் தேடிப் பிடிச்சுக் கட்டி வச்சவரே அண்ணன்தான். அப்புறம் அந்தப் படிப்போடயே மல்லுக்கட்டிக்கிட்டுக் கிடந்தார்.

லீவு நாளானா அண்ணன் சாப்பிட வந்துடுவார். கம்பெனி அக்கா பேருக்குக் கொடுத்த வீடு அது. முன்னறையில ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, ஜன்னலோரம் ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். அந்த ரெண்டு நாற்காலியிலயும் அவங்க உக்காந்துக்குவாங்க. அக்காவும் மகளும் அடுப்படியில நின்னுக்கிட்டே சாப்பிடுவாங்க. தட்டைக் கழுவி வைக்கிறதுக்குள்ள சண்டை ஆரம்பிச்சிடும். சண்டைக்கு என்ன விஷயம்ங்கறீங்க? பூமியில முதல் உயிர் எப்படி வந்துச்சாம்! மாசக்கடைசி சம்பளம் எப்படி வருதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது, இது தெரிஞ்சாகணும்.

"கடவுள் ஆகட்டும்னாரு, ஆச்சு. மண்ணைப் பிசைஞ்சாரு, மூச்சை ஊதினாரு. இதுல என்ன சந்தேகம்?"ம்பார் அண்ணன்.

"ஒரு வேதத்துல மண்ணு, இன்னொண்ணுல முட்டை, இன்னொண்ணுல தண்ணி. முதல்ல நீங்க எல்லாரும் உக்காந்து ஒரு முடிவுக்கு வாங்க மச்சான்"ம்பார் வாத்தியார்.

"உங்க ஆளுங்க மட்டும் முடிவுக்கு வந்துட்டாங்களாக்கும்? ஒருத்தர் சூடான குட்டைங்கறார், ஒருத்தர் கடலுக்கு அடியில கொதிக்கிற ஊத்துங்கறார்."

"தெரியாததைத் தெரியலைன்னு சொல்றதுதான் அறிவியல். எப்படியும் ரசாயனம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, சவ்வு மாதிரி ஒரு உறைக்குள்ள அடங்கி, தன்னைத்தானே படி எடுக்கக் கத்துக்கிச்சு. கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு."

"கத்துக்கிச்சாமே! யாரு வாத்தியாரு?"

இப்படியே பொழுது சாயும். தண்ணி வேணுமான்னு கேக்கப் போனா, "இரு, இரு, முக்கியமான இடம்"னு அக்காவைக் கையால நகர்த்துவாங்க. இந்த வீட்டுல ஏதாவது முளைக்கணும்னா இவங்க வாயை மூடினாத்தான் முடியும்னு அக்கா எங்கிட்டச் சொல்லிச் சிரிப்பாங்க. அப்பல்லாம் அவங்களுக்குச் சிரிப்பு இருந்துச்சு.

மகளுக்குப் பிரசவ வலின்னு கம்பெனிக்குப் போன் வந்தப்ப மதியச் சாப்பாட்டு வேளை. மருமகன் வெளியூர்ல இருந்து கிளம்பி வந்துக்கிட்டிருந்தான். நானும் அக்காவும் தலையில மாட்டின வலைத்தொப்பியைக்கூடக் கழட்டாம ஓடினோம். ஆஸ்பத்திரி நடையில பார்த்தா, ரெண்டு மகராசனும் முன்னாடியே வந்து நிக்கிறாங்க. நின்னு என்ன பண்றாங்க? சுவத்துல வயித்துக்குள்ள குழந்தை வளர்ற படம் ஒண்ணு மாட்டியிருந்துச்சு. அதுக்குக் கீழ நின்னுக்கிட்டு, உயிர் எந்த நேரத்துல உள்ள வருதுன்னு அடிச்சுக்கிறாங்க. நர்ஸ் ரெண்டு தடவை வந்து வாயைப் பொத்தச் சொல்லிட்டுப் போனாங்க. ஐயோ, எனக்கே அவமானமா இருந்துச்சு.

பிள்ளை மூச்சில்லாமப் பிறந்துச்சு. ஆம்பளைப் பிள்ளை.

அக்காவையும் என்னையும் உள்ள கூப்பிட்டாங்க. மகள் கண்ணை மூடிக்கிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. வெள்ளைத் துணியில சுத்தி அக்கா கையில கொடுத்தாங்க. அக்கா அழல. அந்த வலது கை விரல் மட்டும் சும்மா இருக்கல, பிள்ளை முதுகுல மெல்ல மெல்லத் தட்டிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் என் கையிலயும் கொடுத்தாங்க. நானும் அந்த முகத்தை நல்லாப் பார்த்தேன். "வெளிய இருக்கவங்க வந்து பார்க்கலாம்"னு நர்ஸ் கதவைத் திறந்து வச்சாங்க. ஒருத்தரும் வரல.

நாங்க வெளிய வந்தோம். அண்ணன் அக்கா தோள்ல கை வச்சு, "மூச்சை ஊதினவரே திருப்பி எடுத்துக்கிட்டாரும்மா. கேள்வி கேக்கக் கூடாது"ன்னார்.

இதுக்கு வாத்தியார் பாய்வார்னு நினைச்சேன். பாயல. தலையை ஆட்டினார். "ஒரு வகையில மச்சான் சொல்றது சரிதான். கரு உருவாகும்போதே எங்கயோ ஒரு பிழை இருந்திருக்கும். இயற்கை தட்டிப் பார்த்து ஒதுக்கிடும். நீ டப்பாவை எடுத்து ஓரமா வைக்கிறியே, அது மாதிரின்னு வச்சுக்கோ."

"ரொம்பச் சரியாச் சொன்னீங்க மாப்ள"ன்னார் அண்ணன்.

கல்யாணமான நாள்ல இருந்து ஒத்துப்போகாத ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே இடம் அது. பாவிங்க!

அக்கா ரெண்டு பேர் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தாங்க. "என் வீட்டுப் படி ஏறாதீங்க. ரெண்டு பேரும்தான்." அவ்வளவுதான் சொன்னாங்க.

திரும்ப வேலைக்கு வந்த அன்னைக்கு அக்கா குச்சியைக் கையில எடுத்தாங்க, தட்டினாங்க. 'தொப்'புன்னுச்சு. டப்பாவை ஓரமா வைக்கணும், வைக்க முடியல. மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. சூப்பர்வைசர் வந்து கத்தினார். கத்தட்டும்னு நான் டப்பாவை மெல்ல வாங்கி வச்சேன். மறுநாளே லேபிள் ஒட்டுற பக்கம் மாத்திக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு வாக்கியத்துல அந்த வாத்தி அக்காவோட தொழிலையே பிடுங்கிட்டார். எதிர் நாற்காலியில இப்ப யாரோ உக்காந்திருக்காங்க, எனக்குப் பேசப் பிடிக்கல.

வாத்தியார் எங்க போனார்? அண்ணன் வீட்டுக்குத்தான்! அங்க ரெண்டு பேரும் கொழுத்துட்டாங்க. இவங்க சண்டையை யாரோ கேட்டுட்டு மேடையில ஏத்தினாங்க. 'உயிர் வந்த வழி'ன்னு தலைப்பு. இவர் குட்டைன்னுவார், அவர் களிமண்ணுன்னுவார், ஜனங்க கை தட்டும். காலேஜ், சங்கம், நூலகம்னு ஒரு இடம் பாக்கியில்ல. மேடையில எதிரி, வீட்டுல ஒரே சட்டியில சாப்பாடு.

அக்கா ஒண்ணே ஒண்ணுக்குக் காத்திருந்தாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தராவது வந்து, பிள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கணும். கேட்டா வாசல் திறந்திருக்கும். இதை எங்கிட்டயே சொன்னாங்க. வாத்தியார்கிட்ட இருந்து ஆள் மேல ஆள் வந்துச்சு: கோபத்தை விடு, வயசாகுது, சேர்ந்திருப்போம். எல்லாம் வந்துச்சு, அந்த ஒரு வார்த்தை வரல.

போன மாசம் எங்க கம்பெனி ஹாலுக்கே வந்து இறங்கினாங்க ரெண்டு பேரும். நிகழ்ச்சி முடிஞ்சதும் வாத்தியார் அக்கா கூடவே வீட்டுக்குப் போறதா அவங்களாப் போட்ட ஏற்பாடாம். வாத்தியார் புதுச் சட்டை போட்டிருந்தார். நல்லாத்தான் பேசினாங்க, பொய் சொல்லக் கூடாது. கடைசியில கேள்வி கேக்கலாம்னாங்க. முன் வரிசையில இருந்து அக்கா எழுந்தாங்க. மைக்கைக் கொடுத்தாங்க.

"முதல் உயிர் எப்படி வந்துச்சுன்னு விளக்கமாச் சொன்னீங்க. சரி. என் பேரன் யார் சாடை?"

வாத்தியார் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, "அது... அந்தச் சூழ்நிலையில..."ன்னு இழுத்தார். அண்ணன்தான் சமாளிச்சார். "எல்லாப் பிள்ளையும் கடவுளோட சாயல்தான்மா."

பின்னால யாரோ ஒரு முட்டாள் கை தட்டினான்.

"அப்ப நீங்க பார்க்கவே இல்ல"ன்னாங்க அக்கா. மைக்கை நாற்காலி மேல வச்சாங்க, செருப்பை மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

நான் ஷிப்ட் முடிஞ்சு வெளிய வரேன், கேட்டுக்குப் பக்கத்துல வாத்தியார் தனியா நிக்கிறார். புதுச் சட்டை வேர்த்துக் கசங்கியிருந்துச்சு. "நீ கூட இருந்தியேம்மா, பார்த்தியா?"ன்னார்.

சொல்லக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் வாயைக் கட்டியிருந்தேன். ஆனா இந்த மனுஷனுக்கு வலிக்கணும்னா சொல்லித்தான் ஆகணும்னு அப்ப தோணுச்சு.

"உங்களைத்தான் உரிச்சு வச்சிருந்துச்சு சார். அந்த மடிஞ்ச காது, நெத்தி, எல்லாம்."

அவர் கை தானாக் காதுக்குப் போச்சு. அப்படியே வாட்ச்மேன் ஸ்டூல்ல உக்காந்துட்டார். எனக்கு பஸ் வந்துடுச்சு, நான் ஏறிட்டேன்.