விசிறிப்பனையின் குருத்து

மார்ச் பிறந்ததிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மொன்றியல் நகரின் செயின்ட்-மிஷேலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்முற்றத்தில், பலகைப் பெட்டிக்குள் என் விசிறிப்பனை குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தது. இடுப்புயரக் கன்று. மொன்றியலில் வெளியே நட்டால் ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுதிய சூட்டோடுதான் தபாலில் அதை வரவழைத்தேன்.

அடியில் காய்ந்த மேப்பிள் இலைகள். தண்டைச் சுற்றி, சூட்டுக்காகப் பழைய நத்தார்ப் பண்டிகை மின்குமிழ்கள். பெட்டிக்கு வெளியே காற்றை மறிக்க அலங்காரப் புற்கள். காய்ந்த தாள்களை வசந்தம் வரை வெட்டக்கூடாது என்பதால் அவை ஆளுயரத்துக்குச் சலசலத்தன. படிக்க உட்கார்ந்தால் கால் தானாக யன்னலடிக்குப் போகும்.

“பனைக்கு இன்னும் நத்தார் முடியேல்லையோ?” என்பார் அம்மா.

என் பயமெல்லாம் குருத்தைப் பற்றித்தான். பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று. அது அழுகினால் மரம் போய்விட்டது. குருத்தை மெல்ல இழுத்தால் தெரிந்துவிடும்: அழுகியிருந்தால் கையோடு வரும். ஆனால் பெட்டியின் மூடி உறைந்து கிடந்தது.

குருத்தோலை ஞாயிறன்று நல்ல வெயில். துறைமுகத்தில் லொறி ஓட்டும் சித்தப்பா, எங்களைப் பூசைக்கு ஏற்றிப்போக வந்திருந்தார். அவரையும் இழுத்துக்கொண்டுபோய் மூடியைக் கழற்றினேன். வெளியோலைகள் கருகியிருந்தன. நடுவில் ஈட்டிபோல ஒரு குருத்து, வெளிர்மஞ்சளாக!

மின்குமிழ்களை அணைக்க உள்ளே ஓடினேன். திரும்பி வந்தபோது சித்தப்பாவின் ஒரு கையில் பேனாக்கத்தி, மறுகையில் குருத்து.

“ஐயோ சித்தப்பா, என்ன செய்தனீங்கள்?”

“இண்டைக்குக் குருத்தோலை ஞாயிறெல்லே பிள்ளை. கோயிலிலை தாறது காஞ்ச ஓலை. மன்னாரிலை நாங்கள் குருத்து வெட்டித்தானே சிலுவை பின்னுறது. அங்கை மரம் செத்தே போச்சு?”

“அது பெரிய மரம்! இது குழந்தை!”

“பனையெண்டால் பனைதான். கத்தாதை, பக்கத்து வீட்டு மதாம் பாக்கிறா.”

“பூசைக்கு நேரம் போகுது,” என்றார் அம்மா படியில் நின்று. “பேந்து வந்து சண்டை பிடியுங்கோ.”

கோயிலில் சித்தப்பா அந்தக் குருத்தில் மடித்த சிலுவையோடு முன்வரிசையில் நின்றார். “இஞ்சை வளந்ததோ?” என்று கேட்டவர்களுக்கெல்லாம், “ஓம், எங்கடை வளவிலை,” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இனி இழுத்துப் பார்க்கப் பிடிக்கவே ஒன்றுமில்லை. மிஞ்சிய கட்டைக்கும் பக்கத்து மட்டைக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். உயிரிருந்தால் கட்டையில் உள்ள கோடு மேலே ஏறவேண்டும். வகுப்புக்கு ஓடுமுன் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பையோடேயே போய்ப் பார்த்தேன். அசையவில்லை. சித்தப்பாவும் லொறியிலிருந்து போன் எடுப்பார்: “அசைஞ்சதோ?” போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

மே மாதத்தில், புல்லின் அடியில் பச்சை முளைத்த பிறகு, கோடு நகவளவு விலகியிருந்தது. நான் போட்ட சத்தத்தில் அம்மா அகப்பையோடு ஓடிவந்தார்.

கோடையில் ஓலை விரிந்தது. விசிறியின் நுனியெல்லாம் ஒரே சீராகக் கத்தரித்த மாதிரி.

“ஆர் உதுக்குத் தலைமயிர் வெட்டினது?” என்றார் சித்தப்பா.

“நீங்கள்தான்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பனையின் நடுவில் அடுத்த குருத்து கூராக ஏறிக்கொண்டிருந்தது. தடவிப் பார்க்க அவர் கை நீளுமுன்னே தட்டிவிட்டேன்.