ஏரிக்குள் நான் போட்ட சாலை

காலை 6.20. திருவள்ளூர் மணவாள நகரிலிருந்து புறப்பட்டேன். பக்கத்து இருக்கையில் ஒரு தலையணை, அதன்மேல் மடிக்கணினி, இரண்டையும் சேர்த்து இறுக்கிய சீட் பெல்ட். கைப்பேசித் திரையின் எழுத்து என் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. அதனால் வழிகாட்டும் வரைபட மென்பொருளைக் கணினியிலேயே வைத்திருக்கிறேன். வண்டி இருக்கும் இடத்தை அதற்குச் சொல்ல, தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்று முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. போகவேண்டிய ஊரைக் கொடுத்ததும் திரை சொன்னது: 54 கிலோமீட்டர், ஒரு மணி 35 நிமிடம். ஐந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டேன்.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, நெடுஞ்சாலைக்கு மேற்கே, ஏரிக்கரையில் ஒரு கிராமம் என்பது போதும். அங்கே ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோனது. அதற்குக் காரணம் நான். அதை அவளிடம் நேரில் சொல்வதற்காகத்தான் போனேன்.

ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் வரைபடம் வரைந்தவன் நான். ஓய்வு பெற்று, மனைவியும் போனபின், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓர் இணைய வரைபடத்தில் வரைய ஆரம்பித்தேன். வானிலிருந்து எடுத்த படம் திரையில் விரியும். அதன்மேல் கோடு இழுத்து இது சாலை என்று குறித்தால், சில நாட்களில் யார் யாருடைய கைப்பேசியோ அந்த வழியைக் காட்டத் தொடங்கிவிடும். இந்த வட்டாரத்தில் அதிகம் வரைந்தவர்கள் பட்டியலில் என் புனைபெயர் மூன்றாவது இடத்தில் இருந்தது. முதலிடம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எழுபத்திரண்டு வயதில்.

அந்த ஏரியின் படம் கோடையில் எடுத்தது. தரை காய்ந்து வெளுத்திருந்தது. நடுவே ஊரையும் தார்ச்சாலையையும் இணைத்து நேராக ஒரு தடம், 1.8 கிலோமீட்டர். சுற்றிப் போனால் ஒன்பது. வண்டித்தடம் என்று குறித்தால் மென்பொருள் கார்களை அதில் அனுப்பாது. அனுப்பவேண்டும் என்பதற்காகவே கிராமச்சாலை என்று குறித்தேன். எங்கள் அலுவலகத்தில் கோடையில் கண்ட தடத்தைப் பென்சிலில் மட்டுமே வரைவோம். மழைக்குப் பிறகு களப்பணியாளர் போய் ஊராரைக் கேட்டு வந்த பின்தான் மை. நானே புதிதாக வந்தவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

தை மாதம், அந்த இடத்தின் மேல் யாரோ ஒரு குறிப்பு வைத்திருந்தார்கள். 'இங்க ரோடு இல்ல. ஏரி. கார்த்திகைல எங்க கல்யாணமே நின்னு போச்சு.' கீழே கௌசல்யா என்று பெயர். உடனே அந்தக் கோட்டை அழித்தேன். 'சரிசெய்யப்பட்டது' என்று ஒற்றைச் சொல்லில் பதில் எழுதிக் குறிப்பை மூடினேன். மறுநாள் அவள் கேட்டிருந்தாள்: 'சரி பண்ணீங்க. போட்டது யாரு?' நான்கு மாதம் நான் பதில் எழுதவில்லை.

7.05. தாமரைப்பாக்கம் தாண்டி கொசஸ்தலை ஆற்றுப் பாலம். ஆற்றில் மணலும் நாணலும்தான். வெங்கல் வழியாக 7.30-க்குப் பெரியபாளையம். பூக்கடைகள் திறந்திருந்தன. ஓர் ஓட்டலில் நான்கு இட்லி, ஒரு காபி, அறுபத்தைந்து ரூபாய். வைகாசி வெயில் அதற்குள் ஏறிவிட்டது. ஆரணி, புதுவாயல் என்று கிழக்கே போகும் சாலையில் மென்பொருளின் பெண்குரல் மட்டும் பேசிக்கொண்டு வந்தது. புதுவாயலை அது சொல்கிற விதம் ஏதோ வெளிநாட்டு ஊரைப்போல இருக்கும். வீட்டில் நாள் முழுக்க ஒரு குரலும் கிடையாது என்பதால், அது 'வலப்பக்கம் திரும்பவும்' என்றால் நான் 'சரி' என்று சொல்லிவிடுவேன். அன்றும் சொன்னேன்.

8.25. ஏரிக்கரை. வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு இறங்கி நடந்தேன். தண்ணீர் வற்றித் தடம் மறுபடி தெரிந்தது. டிராக்டர் சக்கரங்கள் அழுத்திய இரண்டு வெள்ளைக் கோடுகள், திரையில் கண்டது போலவே. இருநூறு அடி போனதும் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. அங்கே ஒரு பள்ளம், சக்கரம் சுழன்று சுழன்று தோண்டிய குழி, சேறு அப்படியே இறுகிக் கல்லாகியிருந்தது. குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். முழங்கை வரை உள்ளே போனது.

கரைமேல் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாளைக் கன்னியம்மா என்று கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும். பெஞ்சில் என் வயதுக்காரர் ஒருவர் பீடியோடு இருந்தார். முனுசாமி என்று பெயர்.

"எங்கேர்ந்து வரே? எடம் பாக்கவா?" என்றார் முனுசாமி. "கார்ல வரவன் எல்லாம் இங்க எடம்தான் பாக்கறான்."

"இல்லை. திருவள்ளூர். ஏரியைப் பாக்க வந்தேன்."

"ஏரி பாக்கறதுக்கா பெட்ரோல் ஊத்திக்கினு வந்தே? தண்ணி இருக்கசொல்ல வந்திருந்தா உள்ள ஒரு கல்யாண வேனே பாத்திருக்கலாம்."

கன்னியம்மா டீயை ஆற்றியபடியே கதையை எடுத்தாள். "மாப்ள ஊடு மீஞ்சூரு. அத்திப்பட்டு பவர் பிளாண்ட்ல வேல. ஏழரை ஒம்போது முகூர்த்தம். மொத நாளு பூரா மழை, காலைல கெளம்பி வராங்க. டிரைவரு வெளியூர்க்காரன். போன பாத்துக்கினே வந்து நேரா ஏரிக்குள்ள எறக்கிட்டான். மாப்ள பட்டு வேட்டியோட, தாலித் தட்ட தலைமேல தூக்கிக்கினு இடுப்பளவு தண்ணில நிக்கறான். கரைல மேளம் அடிச்சிக்கினு நாங்க நிக்கறோம். டிராக்டர் கட்டி இழுக்கசொல்ல மணி பத்தரை."

"வேறு முகூர்த்தம் பார்த்திருக்கலாமே?"

"பாத்திருக்கலாம். மாப்ளைக்கு ஒரு அத்தக்காரி இருந்தாளே! ஏரியே குறுக்க வந்து நின்னு வேணாங்குது, இந்தப் பொண்ணு ராசி அப்படின்னுட்டா. பொண்ணு மூஞ்சிக்கு நேராவே. வந்த வண்டி அப்படியே திரும்பிடுச்சி. அதுக்கப்புறம் ரெண்டு எடம் வந்துச்சி, அதுவும் நிக்கல. நல்ல பொண்ணுதான் பாவம். ராசி சரியில்ல, யாரு இன்னா பண்ண முடியும்?"

நான் சொல்லியிருக்கவேண்டிய இடம் அதுதான். இன்னொரு டீ கேட்டேன். அந்தப் பெண் எங்கே வேலை செய்கிறாள் என்று மட்டும் விசாரித்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி, காலை ஷிப்ட், இரண்டே முக்காலுக்குக் கம்பெனி பஸ் பைபாஸ் கூட்டுரோட்டில் இறக்கிவிடும், அங்கே சைக்கிள் ஸ்டாண்டில் அவளுடைய வெள்ளை ஸ்கூட்டி நிற்கும் என்றாள் கன்னியம்மா. இரண்டு டீக்கு முப்பது ரூபாய் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

10.10. கும்மிடிப்பூண்டி, அங்கிருந்து 11 கிலோமீட்டர். நேரத்தைக் கழிக்கத் தொழிற்பேட்டைக்குள் சுற்றினேன். பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. சாலையோரச் செடிகளின் இலையில் துருநிறத் தூசி. செல்போன் ரீசார்ஜ் கடைகளில் இந்தியிலும் ஒடியாவிலும் பலகைகள். ஷிப்ட் முடிந்து தங்குமிடம் திரும்பும் ஆட்கள் காதில் போனை வைத்து, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். என் கைப்பேசியில் கடைசியாக வந்த அழைப்பு எட்டு நாளுக்கு முந்தையது. சாப்பாடு தொண்ணூறு ரூபாய்.

1.10. இதையும் எழுதிவிடுகிறேன். வண்டியில் உட்கார்ந்து, மென்பொருளில் என் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். 60 கிலோமீட்டர் என்றது. புறப்பட்டேன். கடிதம் எழுதினால் போதாதா, பெண்பிள்ளையை நடுரோட்டில் நிறுத்திப் பேசுவது முறையா என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கூட்டுரோட்டையும் கடந்து கவரைப்பேட்டை வரை வந்துவிட்டேன். அங்கே ஒரு கல்யாண வேன் முந்திக்கொண்டு போனது. பின்கண்ணாடியில் மாப்பிள்ளை, பெண் பெயர் ஒட்டிய அட்டை. வண்டியைத் திருப்பினேன். குரல் ஏற்கவில்லை. திரும்பு, திரும்பு என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தது. கணினியை மூடிவிட்டேன்.

2.50. ஸ்டாண்டில் வெள்ளை ஸ்கூட்டியை எடுக்க வந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நீலச் சட்டைச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை.

"கௌசல்யாவாம்மா? ஏரியில ரோடு இல்லைன்னு குறிப்பு எழுதினது நீங்கதானே?"

"ஆமா. நீங்க யாரு?"

"சரிசெய்யப்பட்டதுன்னு பதில் போட்டவன். அந்த ரோட்டைப் போட்டதும் நான்தான்."

அவள் என் செருப்பிலிருந்து தலைவரை பார்த்தாள். "நீங்களா? எவனோ காலேஜ் பையன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கையில கெடச்சா நாலு அறை உடணும்னு வெச்சிருந்தேன். இப்ப அதுவும் முடியல."

நான்கு மாதமாக மனதில் வைத்திருந்த வாக்கியங்களைச் சொன்னேன். பட்டியல், பென்சில், மை எல்லாம். நடுவிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சாரி இருக்கட்டும் சார். அத வெச்சி நான் இன்னா பண்ணுவேன்? கோடு தப்புன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். ஊர்ல சொன்னா, எவனாச்சும் போட்டாத்தானே கோடு, எவன்னு காட்டுன்றாங்க. காட்டறதுக்கு ஆளு இல்ல. ஏரி மேலதான் பழி, அப்புறம் என் ராசி மேல." சாவியைத் திருகினாள். "இப்ப ஆளு இருக்கீங்க. டீக்கட வரிக்கும் வாங்க. எங்க ஊட்டுக்கு யாரு வந்தாலும் அங்கதான் வழி கேப்பாங்க. அங்கதான் எல்லாமே சொல்லுவாங்க."

ஸ்கூட்டி முன்னால் போக, நான் பின்னால் போனேன்.

3.20. கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். முனுசாமி காலையில் இருந்த அதே பெஞ்சில். "கன்னிக்கா, இவரு ஒண்ணு சொல்லணுமாம்" என்று கௌசல்யா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள். "வீடியோ எடுக்கறேன் சார். மீஞ்சூருக்கு அனுப்பணும். கல்யாணத்துக்கு இல்ல, அந்தக் கதைலாம் முடிஞ்சிது. அந்த அத்தக்காரி பாக்கணும், அவ்ளோதான்."

கணினியைத் திறந்தேன். யார், என்றைக்கு, எதை வரைந்தார் என்ற வரலாறு அந்த வரைபடத்தில் அழியாமல் இருக்கும். வெயிலில் திரை தெரியவில்லை. ஒருவர் துண்டை விரித்து நிழல் காட்டினார். அழித்த கோட்டையும், அதன் அருகே இருந்த புனைபெயரையும் விரலால் தொட்டு, இது நான், என்றேன். பிறகு என் சொந்தப் பெயரையும் சொன்னேன்.

"அப்போ ஏரி ஒண்ணும் பண்ணலியா?" என்றார் முனுசாமி.

"ஏரி இருந்த இடத்திலேயே இருந்தது. நான்தான் அதன்மேல் ரோடு போட்டேன்."

"உனக்கு யாரு நைனா காண்ட்ராக்ட் குடுத்தா?"

"யாரும் கொடுக்கலை. வீட்டில சும்மா உட்கார்ந்திருந்தேன். போட்டேன்."

"ஒரு பைசா டப்பு வாங்காமயா?"

"வாங்காமத்தான்."

"டப்பு வாங்காம ரோடு போட்டவன இப்பத்தான் பாக்கறேன். அதான் வண்டிய முழுங்கிடுச்சி!"

சிரித்தார்கள். கன்னியம்மா சிரிக்கவில்லை. பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காலைல இங்கதானே குந்திக்கினு இருந்தே. இந்தப் பொண்ண பத்தி நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசறேன். அப்பவே தெரியுமில்ல உனக்கு? நீ இன்னொரு டீ கேட்ட."

"பயந்துட்டேன்மா" என்றேன். அதுவும் வீடியோவில் இருக்கும்.

கன்னியம்மா கௌசல்யாவின் பக்கம் திரும்பி, "கௌசி, டீ போடட்டா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"வேணாம்க்கா. இனிமே எங்க ஊட்டுக்கு வழி கேட்டு வரவங்களுக்கு வழிய மட்டும் சொல்லு."

கன்னியம்மா தலையை மட்டும் அசைத்தாள்.

வண்டி வரை கௌசல்யா வந்தாள். மன்னிக்க முடியுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கைப்பேசியில் பதிவானது சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, "தெரியல சார்" என்றாள். பிறகு, "பைபாஸ்ல இரும்பு லாரிங்க வரும். பாத்து போங்க."

6.10. மணவாள நகர். போகவர 142 கிலோமீட்டர். தெருவில் கடைகள் திறந்திருந்தன, பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். இந்தத் தெருவில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். அவருக்கு என் பெயர் தெரியாது, எனக்கும் அவர் பெயர் தெரியாது. பார்த்தால் தலையசைத்துக்கொள்வோம். அன்றும் அசைத்துக்கொண்டோம். வீட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, கணினியை மேசையில் வைத்தேன். நான் வரைந்த நூற்றுக்கணக்கான ஊர்களில் ஒன்றுக்குக்கூட அதுவரை என்னைத் தெரியாது. இப்போது ஓர் ஊருக்குத் தெரியும். அந்த டீக்கடையில் இந்நேரம் என் பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கும், ஏரிக்குள் ரோடு போட்ட கிழவன் என்று. அப்படியே இருக்கட்டும். அவளைப் பற்றிப் பேசுவதற்குப் பதிலாக என்னைப் பற்றிப் பேசட்டும்.